சிவப்புப் புனல்

பானெட்டைத் தூக்கி முட்டுக்கம்பியும் கொடுத்து நிறுத்திவிட்டார் பெரியவர். ஆயில் அளவுக்கம்பியை உருவி, கையிலிருந்த துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டும் இருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரியான டாக்ஸிக்காரம்மா பின்னால் வந்து நின்று, அவர் தோளுக்கு மேலாகப் பட்டறையின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"சின்னவர் இல்லீங்களாண்ணே?"

"ஆயில்தானே மாத்தணும்? நான் பாத்துடறேன்."

"நீங்க பாக்கறதுக்கு என்ன. அவர் இருந்தா அவரே பாக்கட்டும்னு... ஒண்ணும் அவசரமில்லண்ணே, உக்காந்திருக்கேன்."

சொன்னதோடு நிற்கவில்லை, போய் உட்கார்ந்தும்விட்டாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள். பன்னிரண்டு வருடமாக இந்தப் பட்டறைக்கு வருகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவனுடைய டாக்ஸியைத் தானே ஓட்ட ஆரம்பித்த நாளில், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிவைத்தவர் பெரியவர்தான். அதற்கு இன்று கிடைத்த மரியாதை, அவசரமில்லையாம். பெரியவர் அளவுக்கம்பியைச் செருகினார். பானெட்டை மூடினால் கோபித்துக்கொண்டதாகிவிடும். திறந்து வைத்துவிட்டு நகர்ந்தால், இன்னொருத்தன் வந்து உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் பானெட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு திறந்தே விட்டார்.

பெரியவர், சின்னவர் என்பது வயதை வைத்து வந்த பெயர் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நாலே வயதுதான் வித்தியாசம். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். மாமியார் வீட்டில் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று புழங்கியது, சின்னவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளியின் காதில் விழுந்து, அவர் வாயில் ஒட்டிக்கொண்டு, வாடிக்கைக்காரர்கள் வரைக்கும் பரவிவிட்டது. அதுவரை பத்தொன்பது வருடமாக வெறும் மெக்கானிக்காக இருந்தவருக்குப் பெரியவர் என்று கூப்பிட்டது முதலில் இனிக்கத்தான் செய்தது. பெரியவர் என்று ஒருவர் இருந்தால் பக்கத்திலேயே சின்னவர் என்று ஒருவர் நின்றுகொண்டிருப்பார் என்பது பிறகுதான் உறைத்தது.

இதில் வேடிக்கை, அந்தச் சகலையைக் கொண்டுவந்து சேர்த்ததே இவர்தான். சின்னவர் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரை மூடிவிட்டார்கள். வீட்டில் மனைவி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் பெரியவர் முதலாளியிடம் போய் நின்று, "சுத்தமான ஆளுங்க, என் சகலை" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அது அப்படியே பலித்துவிட்டது.

வந்த முதல் வாரம், சின்னவர் சுவரில் மாட்டியிருந்த புனலை எடுத்துப் பார்த்தார். தகரப் புனல், விளிம்பில் ஒரு நசுங்கல், வயது பத்தொன்பது. "அண்ணே, இது எதுக்கான புனல்?" என்று கேட்டார். "எல்லாத்துக்கும்தான்" என்றார் பெரியவர். அது பொய்யில்லை. இன்ஜின் ஆயிலுக்கு அதுதான், கியர் ஆயிலுக்கு அதுதான், ரேடியேட்டருக்கும் அதுதான். ஒரு வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய்த் தட்டில் ஒரு முக்கு, கழிவுத் துணியால் ஒரு துடை, மறுபடி ஆணியில். பிரேக் ஆயிலுக்கு மட்டும் பெரியவர் புனலே பிடிக்க மாட்டார். பாட்டிலிலிருந்து நேராக, நூல் பிடித்த மாதிரி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றுவார். கை அப்படி. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு காலத்தில் ஆட்கள் பக்கத்தில் வந்து நின்றதுண்டு.

சின்னவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஐந்து பிளாஸ்டிக் புனல்களோடு வந்தார். ஐந்துக்கும் கழுத்தில் வண்ண நாடா. கறுப்பு இன்ஜின் ஆயிலுக்கு, மஞ்சள் கியருக்கு, நீலம் ஸ்டீரிங்குக்கு, பச்சை ரேடியேட்டருக்கு, சிவப்பு பிரேக்குக்கு. சுவரில் ஐந்து ஆணி, ஒவ்வொன்றிலும் வாய் கீழே பார்க்கத் தொங்கும் ஒரு புனல், ஒவ்வொன்றுக்கும் தூசி படாமல் ஒரு பாலிதீன் உறை, அதன் மேல் ஒரு ரப்பர் பேண்ட். வேலை முடிந்ததும் புனலை நேராகத் துடைத்துவிட மாட்டார். கழிவு ஆயில் டின்னின் மேல் சாய்த்துவைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் வடிய விடுவார். பிறகு காகிதம், பிறகு நூல் உதிராத துணி, பிறகு கழுத்துக்குள் இருக்கும் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற பொறுமை. பழைய தகரப் புனலையும் அவர் தூக்கி எறியவில்லை. எறிந்திருந்தால்கூடப் பெரியவர் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பார். அதையும் சுத்தமாகத் தேய்த்து, "இது கழிவு ஆயில் ஊத்தறதுக்குண்ணே" என்று ஆறாவதாக ஓர் ஆணியில், மற்ற ஐந்தையும் விட ஒரு சாண் கீழே மாட்டிவிட்டார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களையெல்லாம் சுவர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சின்னவரும் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினார். "இந்தச் சிவப்புல மட்டும் தண்ணியும் படக்கூடாது, மண்ணெண்ணெயும் படக்கூடாதுங்க. ஸ்பிரிட் போட்டுத்தான் தொடைக்கணும். மண்ணெண்ணெய் கொஞ்சம் உள்ள போனாலும் பிரேக்குல இருக்கற ரப்பரெல்லாம் ஊதிடும். அப்புறம் பிரேக் பிடிச்சது பிடிச்சபடியே நின்னுடும்." பெரியவர் கார் ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டார். எனக்குத் தெரியாததையா சொல்கிறான் என்று பல்லைக் கடித்தார். தெரியும்தான். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அதை ஒருத்தரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

டாக்ஸிக்காரம்மா பெஞ்சில் காத்திருந்த அன்றைக்கும், பக்கத்து டயர்க் கடையிலிருந்து திரும்பிய சின்னவர், திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்து, "அண்ணன் ஆரம்பிச்சுட்டாரே, அவரே பாக்கட்டும்மா" என்றார். டாக்ஸிக்காரம்மா சிரித்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. கடைசியில் சின்னவர்தான் கறுப்புப் புனலை எடுத்தார். ஆயில் மாற்றி முடித்துவிட்டு, பிரேக் ஆயிலும் கறுத்துப்போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் எப்போதும் நடப்பதுதான் என்று பெரியவர் மென்று விழுங்கிவிட்டிருப்பார். ஆனால் இந்த வாரம் அப்படி விழுங்க முடியவில்லை. முதலாளிக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் பட்டறைப் பக்கம் வரமுடியாது. சாவிக்கொத்தை இரண்டு பேரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதாகவும், யாரிடம் என்பதைத் திங்கட்கிழமை சொல்வதாகவும் சொல்லியிருந்தார். சாவி என்றால் வெறும் சாவி இல்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி. எந்த வண்டியை யார் பார்ப்பது என்று சொல்கிற வாய். மூன்று மாதம் கழித்து முதலாளி திரும்பி வந்தாலும் பழையபடி நிற்க முடியாது என்று டாக்டரே சொல்லியிருந்ததால், அந்த மூன்று மாதம் எத்தனை வருடமாக நீளும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரியவருக்கு அந்தச் சாவி வேண்டும். வேண்டும் என்பதைவிட, அது அவனுக்குப் போகக் கூடாது.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள்.

"தங்கச்சி போன் பண்ணினா. சாவி அவருக்குத்தான் வரும்போல இருக்குங்க. முதலாளி ஜாடைமாடையா சொன்னாராம்."

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான். அவரு, அண்ணன் இருக்கும்போது எனக்கு எதுக்குங்கன்னு சொல்லிட்டு வந்துட்டாராம். பாருங்க, எவ்வளவு பெரிய மனசு."

பெரியவரின் கை தட்டில் நின்றுவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். வேண்டாமென்று சொல்லி அதிலும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டானே என்று வயிறு எரிந்தது.

"யாருக்கு வந்தா என்ன, நம்ம வீட்டை விட்டு வெளியவா போகுது?" என்றாள் மனைவி. அவளுக்கு ஒரு சூதும் கிடையாது. மனதில் பட்டதைச் சொல்கிறவள். "அவ சொல்றா, அவர் வேலை முடிஞ்சு வந்தா கையில ஆயில் வாசனையே வராதாம். உங்க சட்டைய ஊறவச்சா எனக்கு பக்கெட்டே கறுத்துப்போகுது. ஆங், வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. சின்ன மாப்பிள்ளையே கூட வரட்டும்னு சொல்லிட்டாங்க. நீங்க வந்தா அவசரப்படுத்துவீங்களாம்."

மாமியாருமா? பெரியவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது சின்னவர், "நாளைக்கு வர பத்து பத்தரை ஆகும்ணே. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். தலையாட்டிய பெரியவர் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே, இரண்டு பேரிடமும் ஒவ்வொன்று இருந்த ஷட்டர் சாவியைப் போட்டுப் பட்டறையைத் திறந்தார். அவர் போட்டிருந்த திட்டம் குழந்தைத்தனமானது. அது அவருக்கே தெரிந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. சுத்தம் என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? என்னாலும் முடியும் என்று முதலாளி ஒரு நாள், ஒரே ஒரு நாள் கண்ணால் பார்க்கட்டும். தரையைக் கூட்டினார். ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்கினார். பிறகு ஐந்து புனல்களையும் உறை கழற்றி இறக்கினார். பெரிய தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி, ஒவ்வொன்றாக முக்கி, பழைய பல்துலக்கியால் கழுத்து, சல்லடை, நாடாவின் இடுக்கு என்று விடாமல் தேய்த்தார். சின்னவர் கண்ணுக்கே தப்பிய ஒரு பழுப்புக் கோடு மஞ்சள் புனலின் விளிம்பில் இருந்தது. அது கிடைத்ததும் ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அதை மட்டும் பத்து நிமிடம் தேய்த்தார். துடைத்தார், உறை போட்டார், ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினார், அதனதன் ஆணியில் மாட்டினார். ஐந்தும் பளபளவென்று தொங்கின. பத்தொன்பது வருடமாகப் புனல் என்றால் மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய் என்றால் புனல் என்று பழகிய கை அது. பிரேக் ஆயிலுக்கும் ஒரு புனல் உண்டு என்பது அந்தக் கைக்கு ஏறவேயில்லை.

எட்டு மணிக்கு முதலாளி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கூட்டிய தரையைப் பார்த்தார், ஸ்பானர் வரிசையைப் பார்த்தார், புனல்களுக்குக் கிட்டே போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பெரியவர் ஒரு போல்ட்டை வேண்டுமென்றே கழற்றிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி காத்திருந்தார்.

"அடேங்கப்பா! சின்னவர் விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாரா? எங்க ஆளு, டீ குடிக்கப் போயிருக்காரா?"

பெரியவரின் கையில் ஸ்பானர் வழுக்கியது. நான்தான் செய்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதைத் தானே வாய்விட்டுச் சொல்லவேண்டிய நிலைமை வந்த பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? யாரும் கேட்காமலே முதலாளியின் வாயில் வந்தது சின்னவர் பெயர். இத்தனை வருடத்தில் இவருடைய பெயர் ஒரு தடவை அப்படி வந்ததில்லை.

"வருவாரு," என்றார்.

முதலாளி அந்தச் சந்தோஷத்தோடேயே டாக்டரைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

பத்தரைக்குச் சின்னவர் வந்தார். பின்னாலேயே டாக்ஸிக்காரம்மாவின் வண்டியும் வந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பழைய பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்தார். சுவர்ப்பக்கம் போய்ச் சிவப்புப் புனலை எடுத்து, உறையில் ரப்பர் பேண்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உருவினார். அந்தக் கணத்தில்தான் பெரியவருக்கு உறைத்தது. உச்சந்தலையில் யாரோ தட்டிய மாதிரி உறைத்தது. சிவப்பு. பிரேக். மண்ணெண்ணெய்.

வாயைத் திறந்தார். நாலடி தூரம்தான். "சகல, அதை வைங்க" என்றால் போதும். ஏன் என்று கேட்பான். நான் தொட்டேன் என்று சொல்ல வேண்டும். எதற்குத் தொட்டீர்கள் என்று கேட்பான், கேட்காவிட்டாலும் அந்தக் கண் கேட்கும். அதுவும் அந்த டாக்ஸிக்காரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது. புதிதாக வேலைக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு. துடைத்துத்தானே மாட்டினோம், இவ்வளவு நேரத்தில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பட்டறை முழுக்க எப்போதும் மண்ணெண்ணெய் வாசனைதான், அதில் தனியாக ஒரு வாசனை யாருக்கும் தெரியாது. தான் எப்போதும் கட்டுகிறபடியே உறை கட்டியிருந்ததால் சின்னவரும் முகர்ந்து பார்க்கவில்லை. புதுப் பிரேக் ஆயில் தேன்நிறத்தில் சிவப்புப் புனலின் சல்லடை வழியாக இறங்கியது. பெரியவர் வாயை மூடிக்கொண்டு, போல்ட்டைத் திரும்ப முடுக்கினார்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உறைக்குள் போட்டுக் கட்டிய புனல் எப்படிக் காயும் என்பது குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றிய நேரத்தில் தோன்றியது. தூசி உள்ளே போகாத உறையிலிருந்து மண்ணெண்ணெய் மட்டும் எப்படி வெளியே போகும்? சல்லடையில் ஒரு கரண்டியாவது தங்கியிருக்கும். டாக்ஸிக்காரம்மாவின் எண்ணை அழுத்தினார், ஒரு மணி அடித்ததுமே துண்டித்தார். அவளே திருப்பிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கூப்பிட்டீங்களா?"

"இல்லம்மா, கை பட்டிருக்கும். வண்டியெல்லாம் எப்படி ஓடுது?"

"சூப்பராண்ணே. பிரேக் சும்மா கல்லு மாதிரி இருக்கு, தொட்டாலே பிடிக்குது. சின்னவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

தொட்டாலே பிடிக்கிறது என்றால் ரப்பர் ஊத ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பெரியவருக்குத் தெரியும். வண்டியை அப்படியே நிறுத்தும்மா, எடுக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் காதில் கடைசி வார்த்தைதான் போய் உட்கார்ந்தது. சின்னவரிடம் சொல்ல வேண்டுமாம். அதற்குத் தூது இவர். "சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டாக்ஸியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்து வந்தார்கள். முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்துகொண்டிருந்தது. டாக்ஸிக்காரம்மா இந்தத் தடவை பெஞ்சில் உட்காரவில்லை.

"மேம்பாலத்துல ஏறிக்கிட்டிருக்கேன், வண்டி அப்படியே நின்னுடுச்சு. காலை எடுத்துட்டேன், பிரேக் விடவே மாட்டேங்குது. சக்கரத்துல புகை. பின் சீட்டுல ஒரு அம்மாவும் கைக்குழந்தையும். பின்னால வந்த லாரி இந்தா, இவ்வளவு தூரத்துல நின்னுச்சு." அவள் காட்டிய தூரம் இரண்டு முழம் இருக்கும். சின்னவரைப் பார்த்தாள். "உங்களை நம்பித்தானே கொண்டுவந்து விட்டேன்?"

பெரியவர்தான் பானெட்டைத் தூக்கினார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினார். மூடிக்குள் இருந்த ரப்பர், ஈரத்தில் ஊறிய காகித அட்டை மாதிரி உப்பிச் சுருண்டு வெளியே வந்தது. திரும்ப உள்ளே வைத்தால் உட்காராது. முதலாளியும் குனிந்து பார்த்தார். நாற்பது வருடம் தொழிலில் இருந்தவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

"மண்ணெண்ணெய்," என்றார் முதலாளி. "யார் ஊத்துனது?"

"நான்தாங்க," என்றார் சின்னவர். முகத்தில் ஈயாடவில்லை. நேரே சுவருக்குப் போய்ச் சிவப்புப் புனலை எடுத்து, உறையைக் கழற்றி, மூக்கை அதன் வாய்க்குள் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில நான் வந்தப்பவே பாத்தேனே, எல்லாப் புனலும் பளபளன்னு," என்றார் முதலாளி. "எதைப் போட்டுய்யா தொடச்சீங்க?"

வெள்ளிக்கிழமை காலை சின்னவர் கண் ஆஸ்பத்திரியில், மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். பட்டறையில் இருந்தது ஒரே ஒரு ஆள். புனலிலிருந்து மூக்கை எடுத்த சின்னவர் பெரியவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. திரும்பாமல் இருந்ததில்தான் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது பெரியவருக்குத் தெரிந்தது.

"தப்புதாங்க முதலாளி," என்றார் சின்னவர். "ஊத்தறதுக்கு முன்னாடி நான் மோந்து பாத்திருக்கணும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. முதலாளி நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, டாக்ஸிக்காரம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்பது போல எல்லோர் முன்னாலும் பெரியவர் கையில் வைத்தார். "ஆயிரம் நாடா கட்டினாலும் அனுபவம் அனுபவந்தான். நீங்களே பாத்துக்குங்க பெரியவரே." டாக்ஸிக்காரம்மாவும், "இனிமே என் வண்டிய நீங்களே பாருங்கண்ணே" என்றாள்.

ஆசைப்பட்டது ஒன்று பாக்கியில்லாமல் கிடைத்துவிட்டது. சாவி கனமாகத்தான் இருந்தது. அன்று வீட்டில் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தங்கைக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசினாள். "சின்ன மாப்பிள்ளையே, அண்ணனுக்குக் கெடச்சதுதான் நியாயம்னு சொன்னாராம்" என்று வந்து சொன்னாள். பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தப்புதாங்க முதலாளி. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். பழைய பொறாமை புனலின் மேல், டாக்ஸிக்காரியின் மேல், மாமியாரின் மேல் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து கிடந்தது. இப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்த இரண்டு வார்த்தையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இரண்டு வார்த்தை தன் வாயில் ஏன் வரவில்லை? இப்போது போய் உண்மையைச் சொன்னாலும் அவன்தான் உசத்தி, சொல்லாவிட்டாலும் அவன்தான் உசத்தி.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சின்னவர் டாக்ஸியின் அடியிலேயே கிடந்தார். பிரேக் ஆயில் தொட்ட ரப்பர் ஒன்றுவிடாமல் மாற்றியாக வேண்டும், குழாய்களையும் சேர்த்து. நாலு மணிக்கு எல்லாம் பூட்டியாகிவிட்டது. இனி குழாய்க்குள் நிற்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தடியில் நட்டைத் தளர்த்தி, குழாய் வழியாக ஆயிலையும் காற்றையும் ஒரு பாட்டிலில் வடியவிடுவார். கீழே இருப்பவர் நட்டை முடுக்குகிறவரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மெக்கானிக் என்று பட்டறையில் இருந்ததே இரண்டு பேர்தான்.

"அண்ணே, முதல்ல டப்பாவ நிரப்பிடுங்க," என்று கீழேயிருந்து சின்னவர் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, "புனலை ஒருதடவ பாத்துட்டு ஊத்துங்க," என்றார்.

அந்த விஷயத்தில் அவர் பேசியது அவ்வளவுதான். குரலில் குத்தல் இல்லை. இருக்கிறதா என்று பெரியவர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சிவப்பு நாடா கட்டிய புதுப் புனல் ஆணியில் தொங்கியது. உறையைக் கழற்றினார். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தார். உலர்ந்த துணியால் துடைத்தார். முகர்ந்தார். கழுத்தைக் கண்ணில் வைத்துச் சல்லடையைப் பார்த்தார். சல்லடை வழியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரம்மா கட்டம் கட்டமாகத் தெரிந்தாள். மறுபடி ஒருதடவை துடைத்துவிட்டு ஊற்றினார். கை கொஞ்சம் ஆடியது. புனல் இருந்ததால் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்கண்ணே. மிதிங்க. மிதிங்க. பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். கீழே நட்டு தளர்ந்தது, காலுக்கடியில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"விடுங்க."

ஒவ்வொரு மிதிக்கும் பேண்ட் பையிலிருந்த சாவிக்கொத்து தொடையில் குத்தியது. நாலாவது மிதியில் பொறுக்க முடியாமல் அதை உருவி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய முதலாளி, மேஜையை ஒழித்துவிட்டுக் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்து, காரின் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"முடிஞ்சுதா பெரியவரே?"

"மிதிங்கண்ணே. பிடிங்க," என்றது கீழேயிருந்த குரல்.

பெரியவர் மிதித்துப் பிடித்தார். பெஞ்சிலிருந்து டாக்ஸிக்காரம்மாவும் எழுந்து நெருங்கி வந்துகொண்டிருந்தாள்.

"முதலாளி," என்றார். "வெள்ளிக்கிழமை காலையில வந்து புனலையெல்லாம் தொடச்சு வச்சது யாருன்னு..."

சக்கரத்தடியில் ஸ்பானரின் சத்தம் நின்றது. முதலாளி புருவத்தைத் தூக்கினார். அவர் பார்வை சாவிக்கொத்துக்குப் போய்விட்டு, பெரியவரின் முகத்துக்குத் திரும்பியது.

"காலை எடுத்துடாதீங்கண்ணே," என்றார் சின்னவர் கீழேயிருந்து. "இன்னும் குமிழி வருது."

பெரியவர் எடுக்கவில்லை. பலங்கொண்ட மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஜன்னலில் குனிந்தபடியே காத்திருந்தார். காலுக்கடியில் பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது.